ஒன்பதாவது தொட்டி

சொட்டுகிற குழாயைக் கண்டால் குன்வோருக்கு இருப்புக்கொள்ளாது. யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும், கைகழுவப் போன இடத்தில் குழாய் ஒழுகினால் இறுக்கி மூடப் பார்த்துவிட்டுத்தான் வந்து உட்காருவாள். அப்படிப்பட்டவள் கையில், கம்பெனியை நடத்தும் ஓட்வார் அந்த வேலையைக் கொடுத்தான். நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தான்.

ட்ரொன்ஹைம் துறைமுகத்தை ஒட்டி, ஒரு காலத்தில் மீன்கிடங்காக இருந்த மரக்கட்டடத்தின் மாடியில் இருந்தது அவர்கள் கம்பெனி. பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். கடற்கரை நெடுகிலும் சால்மன் குஞ்சு வளர்க்கும் பண்ணைகளுக்குக் கருவிப்பெட்டி செய்து கொடுப்பது தொழில். தொட்டித் தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று பெட்டி பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால் மணி அடித்து, பண்ணை ஆளின் போனுக்கும் செய்தி அனுப்பும். குஞ்சுகள் நெருக்கியடித்துக்கொண்டு வளர்கிற தொட்டி அது. ஆக்சிஜன் நின்றால், ஆள் சாவகாசமாகக் காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துபோகும்.

பெட்டிக்குள் ஓடும் நிரல், அதாவது கம்ப்யூட்டர் புரோகிராம், முழுக்க சி மொழியில் ஐலிஃப் எழுதியது. இருபது வருஷத்துக்கு முன்னால் தனியாளாக எழுதினார். குன்வோர் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு எதிர் மேசை. முட்டிவலிக்காரர், பனிச்சறுக்கை விட்டுவிட்டாலும் அதைப்பற்றிய பேச்சை விடாதவர். மத்தியானம் பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைக் காகிதத்திலிருந்து பிரித்துத் தின்றுகொண்டே, எதிரில் இருப்பவளைச் சீண்டுவது அவருக்குப் பொழுதுபோக்கு.

அந்த வருஷம் பழைய கம்பைலருக்கு ஆதரவு நின்றுபோனது. மனிதர் எழுதிய நிரலை இயந்திரம் ஓட்டக்கூடிய கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். மாற்றும்போதே, "இந்த வரியில் ஏதோ இடிக்கிறது, கவனி" என்று எச்சரிக்கையும் தரும். பழையது வாய்திறக்காத சாது. புதியதை ஏற்றி முதல் தடவை ஓட்டியபோது, திரை நிறைய மஞ்சள் வரிகள் ஓடத் தொடங்கி, ஓடிக்கொண்டே இருந்தன. ஓட்வார் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, இதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சுத்தம் செய்ய முடியுமா என்று குன்வோரைக் கேட்டான். அவள் சரி என்றாள்.

பெரும்பாலானவை வெறும் சத்தம். நாலு மஞ்சள் வரியைத் துருவிப் போய்ப் பார்த்தால் நாலும் ஒன்றுமில்லாமல் முடியும். குளிர்காலம் முழுக்க அவளுக்கு இதே பிழைப்பாகிவிட்டது.

"அது பயந்தாங்கொள்ளி நாய், குன்வோர்," என்றார் ஐலிஃப் ஒருநாள். "காத்துல கதவு ஆடினாலும் குரைக்கும். ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சுப் போய் எட்டிப் பாப்பியா?"

"திருடன் வர்ற அன்னைக்கும் அதே குரல்லதானே குரைக்கும்?"

"அப்ப நீ ராத்தூக்கத்தை மறந்துட வேண்டியதுதான்," என்று சிரித்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த வரி வந்தது. எட்டு அறை கொண்ட வரிசையில் ஒன்பதாவது அறை வாசிக்கப்படுகிறது என்று கம்பைலர் சொன்னது. சி மொழியில் பாயிண்டர் என்று ஒன்று உண்டு. நினைவகத்தில் ஓர் இடத்தைக் காட்டும் விரல் என்று வைத்துக்கொள்ளலாம். எட்டு அறைதான் உன்னுடையது என்று நீயே சொல்லியிருந்தாலும், விரல் ஒன்பதாவதைக் காட்டினால் அந்த மொழி தடுக்காது. பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து அங்கே கிடப்பதை எடுத்து வந்து, இதுவும் உன் பொருள்தான் என்று கொடுத்துவிடும். அது தானியமாகவும் இருக்கலாம், குப்பையாகவும் இருக்கலாம்.

குன்வோர் நிரலைத் திறந்து பார்த்தாள். எட்டுத் தொட்டிகளின் ஆக்சிஜன் அளவை ஒவ்வொன்றாக எடுத்து, குறைந்திருந்தால் மணியடிக்கும் பகுதி அது. அந்த மொழியில் எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால், எண் எட்டுக்குக் குறைவாக இருக்கும்வரை விரல் நடந்தாலே எட்டு அறையும் முடிந்துவிடும். "குறைவாக இருக்கும்வரை" என்று எழுதவேண்டிய இடத்தில் "குறைவாகவோ சமமாகவோ இருக்கும்வரை" என்று எழுதியிருந்ததால் ஓர் அடி கூடுதலாக எடுத்துவைத்தது. கல்லூரியில் முதல் மாதமே வாத்தியார் கரும்பலகையில் எழுதிக்காட்டி, இதைச் செய்யாதீர்கள் என்று சொல்லும் பிழை. இத்தனை மாதமும் வெறும் உமியைப் புடைத்தவளுக்கு முதல் நெல்மணி கிடைத்தது போல இருந்தது.

ஐலிஃபை அழைத்துக் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையோடு முகம் வைத்துப் பார்த்தார். காது சிவந்தது.

"இருபது வருஷமா இது இப்படியேவா ஓடுது? எடுத்துடு, எடுத்துடு. வெளியில சொல்லி மானத்தை வாங்கிடாதே."

ஒரு சமக்குறியை அழித்தாள். அவ்வளவுதான் திருத்தம். அலுவலகத்துச் சோதனை மேசையில் எட்டுத் தொட்டிகளுக்கான போலி உணரிகள், அதாவது சென்சார்கள், இருந்தன. ஒவ்வொன்றாக ஆக்சிஜனைக் குறைத்துப் பார்த்தாள். எட்டுக்கும் மணி அடித்தது. ஐலிஃப் ஒப்புதல் கொடுத்தார். மாதக் கடைசியில் புதிய நிரல் எல்லாப் பண்ணைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. மஞ்சள் வரிகள் பாதிக்கு மேல் குறைந்திருந்தன. ஓட்வார் எல்லோர் முன்னாலும் அவள் பெயரைச் சொல்லிப் பாராட்டினான்.

பனி உருகத் தொடங்கியிருந்த ஒரு காலையில் தோர்ஹில்டின் பண்ணையிலிருந்து போன் வந்தது. மலைகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும் ஃபியோர்டு என்னும் கடற்கழி கடலோடு சேரும் இடத்தில், ஃபெரி ஏறிப் போக வேண்டிய தூரத்தில் இருந்தது அந்தப் பண்ணை. தோர்ஹில்ட் என்ற அந்தப் பெண்மணிதான் அதன் மேலாளர். கம்பெனியின் மிகப் பழைய வாடிக்கையாளர்களில் ஒருவர். ஓட்வார் போனைக் கீழே வைத்துவிட்டு, உடனே போய்ப் பாருங்கள் என்றான். ஐலிஃபும் குன்வோரும் காரில் கிளம்பினார்கள். வழியெல்லாம் மழையும் பனியும் கலந்து அடித்தது.

போய்ச் சேர்ந்தபோது பழைய படகுக் கொட்டகைக்குள் இரண்டு ஆட்கள் தடித்த குழாயால் செத்த குஞ்சுகளை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் மேலே ஒரே வெள்ளை வயிறுகளாக மிதந்தது. இன்னும் சில வாரங்களில் கடலுக்குப் போக வேண்டிய குஞ்சுகள். குழாய் போய்ச் சேர்ந்த அண்டாவில் அவற்றை அரைத்து அமிலத்தில் கரைத்துக்கொண்டிருந்தது ஓர் இயந்திரம். வாடை கண்ணைக் கரித்தது.

தோர்ஹில்ட் ரப்பர் உடுப்போடு வந்தார். கத்தவில்லை, கையை உதறவில்லை.

"மணி அடிக்கல, ஐலிஃப்," என்றார்.

வால்வு ஒன்று இரவில் அடைத்துக்கொண்டது என்று விவரம் சொன்னார். அது நடக்கக்கூடியதுதான், முன்பும் நடந்திருக்கிறது. அப்போதெல்லாம் மணி அடித்து, ஆள் ஓடிவந்து, கையால் திறந்துவிட்டிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் கட்டுப்பாட்டு அறைத் திரையில் இந்தத் தொட்டியின் அளவு சரியாகவே காட்டியிருக்கிறது. இறங்க இறங்க, இறங்கியதைக் காட்டியிருக்கிறது. ஆளில்லாத அறையில் அதை யார் பார்ப்பது?

"இது எத்தனையாவது தொட்டி?" என்று குன்வோர் கேட்டாள்.

"ஒன்பது," என்றார் தோர்ஹில்ட். ஐலிஃப் பக்கம் திரும்பி, "நீதானே வந்து மாட்டிக் கொடுத்தே? ஒரே சனிக்கிழமைல முடிச்சிட்டே. என் அக்கா சுட்ட வாஃபிளை நின்னுக்கிட்டே தின்னுட்டு, கடைசி ஃபெரிய பிடிக்க ஓடினியே."

ஐலிஃப் கவிழ்த்துவைத்திருந்த தீவன வாளியின் மேல் மெல்ல உட்கார்ந்தார். அவருக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது. வந்ததை, குன்வோரைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்.

எட்டுத் தொட்டிகளுக்கென்று எழுதிய நிரல் அது. தோர்ஹில்ட் படகுக் கொட்டகையில் ஒன்பதாவதைக் கட்டியபோது, வரிசையை ஒன்பது அறையாக நீட்டியிருக்க வேண்டும். நீட்டினால் அதற்குப் பின்னால் நினைவகத்தில் இருப்பதெல்லாம் ஓர் இடம் தள்ளிப்போகும். பண்ணைகளில் அளவைக் காட்டும் திரைப்பெட்டிகள் அந்தந்த இடங்களை எண்ணி வைத்துத்தான் நேராகப் படிக்கின்றன. கடற்கரை முழுக்க ஒவ்வொரு திரைப்பெட்டியையும் மாற்ற வேண்டி வரும். எட்டாவது அறையை அடுத்து ஓர் இடம் சும்மா கிடந்தது. ஒன்பதாவது தொட்டியின் அளவை அங்கே போட்டுவைத்து, விரலை ஓர் அடி கூடுதலாக நடக்கவிட்டார். ஒன்பதாவது தொட்டி இல்லாத பண்ணைகளில் மணி அடித்துவிடாதபடி, அந்த இடத்தில் ஆபத்தில்லாத ஒரு பெரிய எண்ணையும் நிரப்பிவைத்தார். பிழை போலத் தெரிந்த அந்தச் சமக்குறிதான் ஒன்பதாவது தொட்டியின் காவல். அதைப்பற்றி நிரலில் ஒரு வார்த்தை குறிப்பு எழுதவில்லை. ஃபெரிக்கு நேரமாகியிருந்தது. அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தார், மறந்துபோனார்.

தோர்ஹில்ட் பொறுமையாகக் கேட்டார். முழுக்கப் புரிந்ததோ இல்லையோ, புரியவேண்டியது புரிந்தது.

"அப்ப தப்பா இருந்தப்ப வேலை செஞ்சுது. சரி பண்ணதும் செத்துப்போச்சு."

"ஆமா," என்றாள் குன்வோர்.

திரும்பி வரும்போது ஃபெரியில் காரை விட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தார்கள். சரி என்று சொன்னது நான்தான் என்று ஐலிஃப் சொல்ல, அழித்தது நான்தான் என்று இவள் சொன்னாள்.

கம்பெனியில் யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. ஓட்வார் எல்லோரையும் கூட்டி, யாரையும் கைகாட்டுவது நம் வழக்கமில்லை என்று சொன்னான். ஐலிஃப் எழுந்து, தவறு தன்னுடையது என்றார். ஓட்வார் அவர் தோளைத் தட்டி உட்காரவைத்தான். கணக்குப் பார்க்கும் பெண் குன்வோர் மேசையில் கேக் துண்டு ஒன்றை வைத்துவிட்டுப் போனாள். காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் குன்வோர் போய் நின்றால் பேச்சு நின்று, வேறு பேச்சு தொடங்கியது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு அழுதிருப்பாள். அந்த இதமான முகங்களை என்ன செய்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

காப்பீட்டுக்காரர்களின் விசாரணை முடிந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த நிரலில், எச்சரிக்கை ஒன்றை நீக்குவதற்காக மட்டும் செய்த மாற்றத்தால் வந்த இழப்பு என்று அவர்கள் முடிவு சொன்னார்கள். அதன்பிறகு ஓட்வார் ஒரு விதி வைத்தான். பழைய நிரலில் வாடிக்கையாளர் கேட்காமல் ஓர் எழுத்தையும் தொடக் கூடாது. சமக்குறி பழைய இடத்துக்கே திரும்பியது. கம்பைலரின் எச்சரிக்கைகள் மொத்தத்தையும் அணைக்க, அதை ஓட்டும் கட்டளையில் ஒரேயொரு எழுத்துப் போதும். அதையும் போட்டார்கள். மஞ்சள் வரிகள் மாயமாகின.

ஆனால் அணைப்பதற்கு முன் குன்வோர் பார்த்துவைத்த ஒன்று மிச்சமிருந்தது. பண்ணை ஆளுக்குப் போகும் ஆபத்துச் செய்தியை நிரல் ஒரு சிறிய இடத்தில் எழுதித் தயார்செய்யும். பண்ணையின் பெயரும் தொட்டியின் பெயரும் நீளமாக இருந்தால், எழுத்து அந்த இடத்துக்கு அப்பாலும் வழிந்து எழுதப்படும் என்று கம்பைலர் சொல்லியிருந்தது. அப்பால் இருந்தது, செய்தி போய்ச் சேரவேண்டிய போன் எண். எண் சிதைந்தால் செய்தி போகாது. முன்பு பார்த்தது வாசிப்பதில் எல்லை தாண்டுவது, அது எதையும் அழிக்காது. இது எழுதுவதில் தாண்டுவது.

ஓட்வாரிடம் போய்ச் சொன்னாள். அவன் கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னான்.

"இது எங்கயாவது நடந்திருக்கா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

"சோதனை மேசைல நடக்கவெச்சுக் காட்ட முடியுமா?"

அவள் முயன்றிருந்தாள். நீள நீளமான பெயர்களைக் கொடுத்துப் பார்த்தாள். எழுத்து வழியத்தான் செய்தது. வழிந்தது இரண்டுக்கும் நடுவில் கிடந்த வெற்றிடத்தில் விழுந்து, எண்ணைத் தொடாமல் தப்பியது. அடுத்த தடவை கம்பைலர் அடுக்கை மாற்றி வைத்தால் தப்பாமலும் போகலாம். போகலாம் என்பதற்குமேல் அவளால் சொல்ல முடியவில்லை.

"இந்தத் தடவையும் அது சொல்றது சரிதான், ஓட்வார். எழுதவே கூடாத இடத்துல எழுதுது."

"போன தடவையும் கம்பைலர் சொன்னது சரி," என்றான் அவன். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "நீ பண்ண திருத்தமும் சரி. செத்தது மீனு. இன்னொரு தடவை நீ தொட்டேன்னு தெரிஞ்சா ஒரு பண்ணைக்காரனும் நம்ம பெட்டிய வெச்சுக்க மாட்டான். நீ தொடாம அது நடந்தா, அது தானா நடந்தது. புரியுதா?"

புரிந்தது. அதுதான் கொடுமை. அவன் இடத்தில் இருந்தால் அவளும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தோர்ஹில்டுக்கே போன் செய்தாள். அவர் பண்ணையின் பெயர் நீளமான பெயர். தொட்டிகளுக்கும் எண் போதாதென்று அவர் பெயர் வைத்திருந்தார். பெயர்களைச் சுருக்கி வைத்துக்கொள்ளுங்கள், அது போதும் என்று கேட்டுக்கொள்ள நினைத்தாள்.

தோர்ஹில்ட் முழுவதும் கேட்டார். நிச்சயமா நடக்குமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். சொல்ல முடியாது என்றாள் குன்வோர்.

"உன்மேல எனக்குக் கோவம் இல்லம்மா. ஆனா உன் குரலைக் கேட்டாலே அந்தக் கொட்டகை வாடை வருது. எதுவா இருந்தாலும் இனிமே ஓட்வார் பேசட்டும்."

மறுநாள் ஓட்வார் வந்து, வாடிக்கையாளர்களுக்கு நேரடியாகப் போன் செய்ய வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிவிட்டுப் போனான்.

ஐலிஃப் அதற்குள் விடுப்பில் போயிருந்தார். முட்டி என்றார்கள். கோடை தொடங்கியதும் அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போனாள். நிரலைத் தொடக்கத்திலிருந்து இருவருமாகப் படித்துப் பார்த்தால், எங்கெல்லாம் இப்படி எல்லை தாண்டி ஏதாவது வைத்திருக்கிறார் என்று ஒருதரம் குறித்துவிடலாம். திருத்த வேண்டாம். தெரிந்தாவது இருக்கட்டும் என்றாள். அவர் காப்பி போட்டுக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்தார். சில பக்கங்கள் போயின. ஒரு வரியில் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"இது ஏன் இப்படி எழுதினேன்னு தெரியல," என்றார். "தப்பா இருக்கலாம். ஏதாவது காரணமா இருக்கலாம். பாத்தா வேற எவனோ எழுதினது மாதிரி இருக்கு."

"மெதுவா யோசிங்க. அவசரமில்ல."

"யோசிச்சுப் பாத்துட்டேன், குன்வோர். லீவுல வந்ததுலேருந்து அதைத்தான் பண்றேன். படுத்தா வரிவரியா ஓடுது. எதுவும் ஞாபகம் வரல. அந்த ஒண்ணை நான் மறந்தேனே, அதுமாதிரி இன்னும் எத்தனைன்னு எனக்கே தெரியாதே." மடிக்கணினியை அவரே மெல்ல மூடினார். மூடிய கை அதன் மேலேயே கிடந்தது. அவர் அதன்பிறகு வேலைக்குத் திரும்பவில்லை. இலையுதிர் காலத்தில் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டார்.

நிரல் குன்வோர் பொறுப்புக்கு வந்தது. வேறு யாரும் அதைத் தொட விரும்பவில்லை. போய்விடலாமா என்று அவள் யோசிக்காமல் இல்லை. போனால், இடம் தாண்டி வழிகிற அந்த எழுத்தைப்பற்றிக் கவலைப்படும் ஒரே ஆளும் போய்விடுவாள் என்பது காலைக் கட்டிப்போட்டது. இருந்தும் அவள் எதையும் செய்துவிடவில்லை.

அடுத்த வருஷம் வடக்கே புதிதாக ஒரு பண்ணை வந்தது. பெரிய பண்ணை, பத்துத் தொட்டிகள். ஓட்வார் உற்சாகமாக அவள் மேசைக்கு வந்தான். வரிசையைப் பத்து அறையாக நீட்டி, திரைப்பெட்டிகளை எல்லாம் மாற்றி, ஒழுங்காகச் செய்துவிடலாம் என்றாள் அவள். இதைச் சாக்காக வைத்து அந்தச் செய்தி எழுதும் இடத்தையும் பெரிதாக்கிவிடலாம் என்று சேர்த்துச் சொன்னாள். அவன் அவளை இரக்கத்தோடு பார்த்தான்.

"கடற்கரை பூராவுமா? இந்த ஜென்மத்துலயா? ஐலிஃப் ஒன்பதாவதுக்குப் பண்ணாரே, அதே மாதிரி பண்ணிடு. அது இன்னைக்கும் ஓடுதுல்ல?"

ஒன்பதாவது இடத்தை அடுத்து என்ன இருக்கிறது என்று பார்த்தாள். இன்னும் ஒரே ஓர் இடம் சும்மா கிடந்தது. பத்தாவது தொட்டியின் அளவை அங்கே வைத்தாள். விரலை இன்னும் ஓர் அடி நடக்கவிட்டாள். பத்தாவது தொட்டி இல்லாதவர்களுக்கு ஆபத்தில்லாத பெரிய எண்ணை நிரப்பினாள். மேலே நீளமாக ஒரு குறிப்பு எழுதினாள். இந்த வரி தவறு, ஆனால் இதைத் திருத்தாதீர்கள், காரணம் இது என்று ஒன்றுவிடாமல் எழுதினாள். எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தபோது, ஐந்தாறு வருஷம் கழித்து இங்கே வந்து உட்காரப்போகிற ஒருவன் இதைப் படித்துத் தன்னைப்பற்றி என்ன நினைப்பான் என்று தோன்றியது. படிப்பான் என்பதற்கும் உறுதி இல்லை.

சோதனை மேசையில் பத்துப் போலி உணரிகளை மாட்டிப் பார்த்தாள். பத்துக்கும் மணி அடித்தது. ஓட்வார் மகிழ்ந்துபோய், இன்றைக்கே அனுப்பிவிடு என்றான்.

அனுப்புவதற்கு முன், தன் கணினியில் மட்டும், அணைத்துவைத்த எச்சரிக்கைகளை ஒருதரம் திறந்தாள். மஞ்சள் வரிகள் பழையபடி ஓடி வந்தன. நடுவில் இருந்தது: எட்டு அறை கொண்ட வரிசையில் பத்தாவது அறை வாசிக்கப்படுகிறது. கோப்பின் பெயரும் வரியின் எண்ணும் கொடுத்து, வரிக்குள் எந்த இடம் என்பதைக்கூட அம்புக்குறியால் காட்டியிருந்தது. அம்பு அவள் எழுதிய இடத்தைத்தான் காட்டியது. இன்னும் கீழே, செய்தி எழுதும் இடத்துக்கான வரியும் அப்படியே இருந்தது.

இரண்டையும் படித்தாள். எச்சரிக்கைகளை மறுபடி அணைத்துவிட்டு, நிரலை வடக்கே அனுப்பினாள். ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. மேலங்கியை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.